கதவு திறந்திருந்தால் மட்டும் போதுமா?

"எங்கள் சபையில் எந்தப் பிள்ளையும் சேரலாம், நாங்கள் ஒருவரையும் மறிப்பதில்லை." பாலர் சபை, பீடப் பணியாளர் குழு, சாரணர் படை, இளைஞர் மன்றம் ஆகியவற்றை நடத்துவோரிடம் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுவே. பொய்யான பதிலன்று. ஆயினும், அன்பார்ந்த வாசகரே, அந்தப் பதிலோடு நமது கடமை தீர்ந்துவிடுகிறதா?

கப்பல்துறையை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டம் திருகோணமலை நகரில் மாலை ஐந்து மணிக்கு என்று அறிவித்தால், அங்குள்ள கூலித் தொழிலாளியின் மகள் பஸ் காசு கண்டு, வந்து, இருட்டுமுன் வீடு திரும்ப வேண்டும். அவளை எவரும் மறிக்கவில்லை; ஆனால் அவள் வரப்போவதில்லை. சீருடை கட்டாயம் என்றால் ஏழைப் பிள்ளை வராது. அறிவித்தல் எல்லாம் பூசை முடிவில் வாயால் மட்டும் என்றால் காது கேளாத பிள்ளைக்கு அது எட்டாது. மண்டபத்து வாசலில் நான்கு படி இருந்தால் சக்கர நாற்காலி அங்கேயே நின்றுவிடும். 2004ஆம் ஆண்டின் கடற்கோளும், 2009வரை நீண்ட போரும் கடந்து சென்ற மாவட்டம் இது. உடலிலும் மனதிலும் காயம் சுமக்கும் குடும்பங்கள் நம்மிடையே குறைவல்ல.

1841 டிசம்பர் 8ஆம் நாள் தூரின் நகரத்துப் புனித பிரான்சிஸ் அசிசியார் ஆலயத்தில் நடந்ததைப் பலர் அறிவீர்கள். பூசைக்கு உதவத் தெரியாது என்ற ஒரே குற்றத்துக்காக ஒரு சிறுவனைக் கோவிற்பிள்ளை அடித்து விரட்டினார். பூசைக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்த தொன் போஸ்கோ, அவன் தமது நண்பன் என்று சொல்லித் திருப்பி அழைப்பித்தார். அவனோ தாய் தந்தையற்ற, எழுத வாசிக்கத் தெரியாத கொத்து வேலைக்காரப் பையன். தெரியாததையெல்லாம் ஒப்புக்கொண்டவனிடம், சீழ்க்கை அடிக்கத் தெரியுமா என்று கேட்டார் குரு. பையன் சிரித்துவிட்டான். சலேசிய சபையார் தங்கள் பணியின் தொடக்கத்தை அந்தச் சந்திப்பில்தான் காண்கிறார்கள். கோவிற்பிள்ளை கொடியவர் அல்லர். ஒழுங்கைக் காத்தார், அவ்வளவே. ஆண்டவரிடம் பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களை அதட்டிய சீடர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அவர்கள்மேல் இயேசு கோபங்கொண்டார் என்று மாற்கு ஒளிக்காமல் எழுதுகிறார்.

பெரும் விருந்து உவமையிலும் வீட்டுத் தலைவன் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருக்கவில்லை. தெருக்களுக்குப் போய் ஏழைகளையும், ஊனரையும், பார்வையற்றோரையும், முடவரையும் கூட்டிவரும்படி வேலைக்காரனை அனுப்புகிறான். மறிக்காதிருப்பது ஒன்று; போய்க் கூட்டிவருவது வேறு. முன்னையதற்கு எந்தச் செலவும் இல்லை. நாம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதன் காரணமும் அதுவாயிருக்கலாம்!

"எல்லாரையும் சேர்த்தால் ஒழுங்கு கெடும், போட்டியில் தோற்போம்" என்பது வழக்கமான ஆட்சேபம். 1907இல் பேடன் பவல் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் பாசறைக்கு வந்த சுமார் இருபது சிறுவரில் வசதியான பாடசாலைகளின் மாணவரும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் கலந்தே இருந்தனர். 1909இல் லண்டன் பளிங்கு மாளிகைப் பேரணிக்குப் பெண்பிள்ளைகள் தாமாகவே வந்து நின்றபோது சிலர் முகஞ்சுளித்தனர். மறு ஆண்டே பெண் சாரணியம் பிறந்தது. நம் திருச்சபையிலும், பெண்பிள்ளைகள் பீடத்தில் பணிசெய்ய ஆயர்கள் அனுமதிக்கலாம் என்று உரோமாபுரி தெளிவுபடுத்தியது 1994இல்தான். முடியாதென்று எண்ணியது வழக்கத்தினால் மட்டுமே முடியாமலிருந்தது என்பதைப் பிற்பாடு கண்டுகொள்கிறோம்.

இன்னொரு தவறும் உண்டு. அன்பின் வேடத்தில் வருவதால் அதைக் கண்டுபிடிப்பது கடினம். ஆண்டு விழாவில் வலுவிழந்த பிள்ளையை மேடையில் ஏற்றி, பரிசு கொடுத்து, படம் எடுத்து அனுப்பிவிடுவது. பெற்றுக்கொள்ள மட்டுமே அழைக்கப்படும் பிள்ளை அங்கத்தவன் அல்ல, விருந்தாளி. அவனுக்கும் ஒரு பொறுப்பு வேண்டும்: மணி அடிப்பதோ, வரவு குறிப்பதோ, சந்தாக் காசு சேர்ப்பதோ. அதில் பிழை விட்டால் மற்றப் பிள்ளைகளைப் போலவே அவனையும் திருத்த வேண்டும்.

சட்டம் இல்லாமலில்லை. வலுவிழந்தோர் உரிமைகளுக்கான இலங்கைச் சட்டம் 1996இல் வந்தது, ஐ.நா. சமவாயத்தை நாடு 2016இல் ஏற்றது. விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மற்றப் பிள்ளைகளோடு சமமாய்ப் பங்குகொள்ளும் உரிமையை அச்சமவாயம் பெயர் குறித்தே சொல்கிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும், உடலோ மனமோ தளர்ந்தவர்க்கு இயன்ற அளவு மறைக்கல்வி கிடைக்கச் செய்வதைப் பங்குத் தந்தையின் கடமையாக்குகிறது.

பெற்றோரே, உங்களிடமும் ஒரு சொல். ஊர் என்ன சொல்லுமோ என்று பிள்ளையை அறைக்குள் வைத்திருக்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. அந்த வெட்கம் பிள்ளை உண்டாக்கியதன்று. நாம் கேட்ட கேள்விகளும் பார்த்த பார்வைகளும் உண்டாக்கியது. ஆகவே அந்த வீட்டுக்கு முதலில் போகவேண்டியவர்கள் அயலவர்களே.

முப்பது பிள்ளைகளோடு தனியே திண்டாடும் பொறுப்பாளருக்கு இவையெல்லாம் மேலதிகச் சுமைதான், அதை மறுப்பதற்கில்லை. அடிக்கடி கத்துகின்ற, அடிக்கின்ற பிள்ளையை அவர் ஒருவரால் சமாளிக்க முடியாது. இரண்டாவது பொறுப்பாளர் ஒருவர் வேண்டும். முதற் சில வாரங்கள் தாயோ அக்காவோ கூட இருக்கலாம். பஸ் காசைப் பங்குச் சபை ஏற்கலாம், அல்லது மாதம் ஒருமுறை கூட்டத்தையே கப்பல்துறைக்குக் கொண்டுபோகலாம். அடுத்த பங்குச் சபைக் கூட்டத்தில் இதைக் கேட்டுப் பாருங்கள்: நமது பங்கில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளில் எந்தச் சபையிலும் இல்லாதவர்கள் யார் யார்? அவர்கள் வீட்டுக்கு எந்தக் கிழமை, யார் போவது?