அறிவுக்கும் வேலியா?

ஓசூர்த் தொழிற்பேட்டையின் ஆலைகளை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! உலோகம் அறிந்தவரும், மின்னியல் கற்றவரும், கடைசல் பிடிப்பவரும் ஒரே கூரையின் கீழ் உழைக்கின்றனர். ஒருவர் பிழையை மற்றவர் சுட்டுகிறார். சுட்டாவிட்டால் பொறி ஓடாது. வீண்பெருமை கண்டு பொறி இரங்காது!

அதே கிருட்டிணகிரி மாவட்டத்தில்தான் மயிலாடும்பாறை இருக்கிறது. அங்குக் கிட்டிய சான்று கொண்டு, 4200 ஆண்டுகட்கு முன்பே தமிழகத்தில் இரும்பு வழங்கியது என்று 2022 மே திங்களில் சட்டமன்றத்தில் அறிவித்தனர். கி.மு. 2172! நம் நெஞ்சு நிமிர்ந்தது, நிமிரட்டும். ஆனால், அந்த ஆண்டைச் சொன்னது எது? இரும்பா? அன்று, மண்ணடுக்கில் கிடந்த கரி. கரியிலுள்ள கார்பன்-14 என்னும் அணுக்கள் 5730 ஆண்டுகளில் பாதியாகத் தேய்ந்துவிடும். எஞ்சியவற்றை அமெரிக்க ஆய்வகம் ஒன்று எண்ணிச் சொன்னது.

எண்ணியவர் குழி தோண்டியவரல்லர். தோண்டியவர் அணுவை எண்ணியவரல்லர். மேலும், கரி காட்டுவது மரம் வளர்ந்த காலத்தை. பல காலம் கிடந்த பழங்கட்டையை எரித்திருந்தால்? மரவியலார் சொல்லட்டும். எலிவளை வழியே கரி கீழடுக்குக்கு இறங்கியிருந்தால்? மண்ணியலார் சொல்லட்டும். இரும்பை இங்கேயே உருக்கினரா என்பதற்கு உலோகவியலாரன்றோ விடை தரவேண்டும்?

தொழிலுக்கொரு சாதி வகுத்த நாடு இது. ஏடு படித்தவன் கொல்லன் உலைக்களத்துக்குப் போகவில்லை; கொல்லன் மகனைப் பள்ளிக்குள் விடவில்லை. கைக்கும் கருத்துக்கும் இடையே எழுப்பிய அந்தச் சுவரால் இழந்த அறிவு எவ்வளவோ! இன்று துறைக்கொரு வேலி போட்டு, அடுத்த துறையானை ஏளனமாய்ப் பார்க்கும் பட்டதாரியிடம் அந்த வருணப் புத்திதானே எட்டிப் பார்க்கிறது?

வேறொரு வகையும் உண்டு. முடிவை முன்பே எழுதி வைத்துக்கொண்டு, முத்திரை குத்த மட்டும் மற்றத் துறையாரை அழைப்பது. (மயிலாடும்பாறையைச் சொல்லவில்லை, பொதுவில் சொல்கிறேன்.) 'உன் முடிவு தவறு' என்று சொல்லும் உரிமை இல்லாதவர் கூட்டாளி ஆவாரா? ஏவலாள்!

2025 சனவரியில் வெளியான 'இரும்பின் தொன்மை' ஆய்வுக்கு அமெரிக்க ஆய்வகத்தோடு இலக்னோ, அகமதாபாத் ஆய்வகங்களும் துணை நின்றன. கரியோடு நில்லாமல், ஒளி உமிழ்வு முறையாலும் காலம் கணித்தனர். இது நல்ல வழி. இன்னும் ஒன்று வேண்டும்: கரித்துண்டை எடுக்கும் நாளில் இயற்பியலார் குழிக்குள் இறங்கி நிற்கட்டும். நாம் விரும்பிய ஆண்டினும் ஐந்நூறு ஆண்டு குறைத்து அவர் சொன்னாலும், அச்சொல் அறிக்கையின் முதற்பக்கத்திலேயே இடம்பெறட்டும்.