போதும் என்று யார் சொல்வது?

“இன்னும் எத்தனை வருஷம் சர்வீஸ் இருக்கிறது?” ஐம்பதைத் தாண்டிய எந்த உத்தியோகஸ்தரையும் நம்மவர்கள் கேட்கத் தவறாத கேள்வி இது. சிறையில் இருப்பவனைத் தவிர வேறு யாரிடமாவது மிச்ச நாளை இப்படிக் கணக்குக் கேட்பதுண்டா என்று நான் யோசித்திருக்கிறேன். தமிழ்நாட்டு அரசு ஊழியர் ஓய்வு பெறும் வயது 2020 இல் 59 ஆகவும், 2021 இல் 60 ஆகவும் உயர்ந்தபோது சிலர் மகிழ்ந்தார்கள். சிலர் பெருமூச்சு விட்டார்கள். மகிழ்ந்தவர்களுக்குப் பணம் தேவையாயிருந்தது. மற்றவர்களுக்குக் காலம் தேவையாயிருந்தது.

அறுபது வரை ஏன் காத்திருக்க வேண்டும், முப்பத்தைந்திலோ நாற்பதிலோ விலகிக்கொள்ளலாமே என்று சொல்லும் ஒரு கூட்டத்தார் அமெரிக்காவில் இருக்கிறார்கள். சிக்கனமாக வாழ்வது, மிச்சம் பிடித்ததை முதலீடு செய்வது, அதன் வருவாய் வீட்டுச் செலவுக்கு ஈடு கொடுக்கும் நாளில் உத்தியோகத்துக்கு முழுக்குப் போடுவது. அவர்களுடைய சித்தாந்தம் இவ்வளவுதான். அவர்களுக்கு வழிகாட்டிய ஜோ டொமிங்கஸ் என்பவர் வால் ஸ்ட்ரீட்டில் நிதி ஆய்வாளராக இருந்து, முப்பத்தோராம் வயதில் வேலையை விட்டவர். விக்கி ராபின் என்ற அம்மையாருடன் சேர்ந்து 1992 இல் ‘யுவர் மணி ஆர் யுவர் லைஃப்’ என்ற நூலை வெளியிட்டார். ஒரு பொருளுக்கு நாம் கொடுக்கும் விலை பணமல்ல, அந்தப் பணத்தை ஈட்டச் செலவிட்ட ஆயுள் என்பது அந்நூலின் சாரம். மணிக்கு நூறு ரூபாய் சம்பாதிப்பவன் மூவாயிரம் ரூபாய்க்குச் செருப்பு வாங்கினால், தன் வாழ்நாளில் முப்பது மணி நேரத்தைக் காலில் மாட்டிக்கொண்டு நடக்கிறான்!

கணக்கும் ஏனோதானோவென்று போட்டதல்ல. 1994 இல் வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் அமெரிக்கச் சந்தையின் பழைய விவரங்களை ஆராய்ந்தார். சேர்த்த தொகையில் நூற்றுக்கு நான்கை முதல் ஆண்டில் எடுத்து, பிறகு விலைவாசிக்குத் தக்கபடி கூட்டிக்கொண்டே போனாலும் அந்த முதல் 30 ஆண்டுகள் தாங்கும் என்று கண்டார். அதாவது, ஆண்டுச் செலவைப் போல் 25 மடங்கு கையில் இருக்க வேண்டும். முப்பத்தைந்தில் விலகுகிறவன் அதற்கு மேலும் ஐம்பது ஆண்டு இருக்கக்கூடும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

இதில் ஒரு விந்தையைக் கவனியுங்கள். விலைவாசி உயர்வு போக நூற்றுக்கு ஐந்து வருவாய் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கை மிச்சம் பிடிப்பவன் அந்த 25 மடங்கை எட்ட 51 ஆண்டுகள் ஆகும். பாதியை மிச்சம் பிடிப்பவனுக்கு 17 ஆண்டுகள் போதும். செலவைக் குறைக்கும்போது சேமிப்பும் வளர்கிறது, தேவையும் சுருங்குகிறது. ஆனால் பாதிச் சம்பளத்தை எடுத்து வைக்க முடிந்தவர் யார்? சித்தாள் வேலைக்குப் போகிற பெண்ணிடம் சிக்கனத்தைப் போதிக்க எனக்கு நா எழாது. அவளுக்கு அது விரதமல்ல, பட்டினி.

இவர்களைச் சோம்பேறிகள் என்று சிலர் ஏசுகிறார்கள். பதினேழு வருஷம் ஆசையை அடக்கி வாழ்கிறவன் எப்படிச் சோம்பேறியாவான்? என் சந்தேகம் வேறு. அவனுக்கு வரும் டிவிடெண்டு வானத்திலிருந்து பொழிவதில்லை. எங்கோ ஓர் ஆலையில் யாரோ இன்னமும் உழைத்துக்கொண்டிருப்பதால் வருகிறது. எல்லோரும் நாற்பதில் எழுந்து போய்விட்டால் அந்தப் பங்குகளுக்கு மதிப்பேது? ஆயினும், பென்ஷன் வாங்கும் முதியவரையும் உழைப்பவர்கள்தாம் தாங்குகிறார்கள். பிறர் உழைப்பில் வாழ்வது மட்டுமே குற்றமாகிவிடாது. அதற்குக் கைம்மாறாக நாம் எதைத் தருகிறோம் என்பதே கேள்வி.

1845 இல் வால்டன் குளக்கரையில் 28 டாலர் 12½ சென்ட் செலவில் குடில் கட்டிக்கொண்ட தோரோ, வருஷத்தில் ஆறு வாரம் உழைத்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்றார். குடில் நின்ற நிலமோ நண்பர் எமர்ஸனுடையது. ஆனால் மிஞ்சிய காலத்தில் அவர் சிந்தித்தார், எழுதினார்; 1854 இல் ‘வால்டன்’ வெளிவந்தது. பட்ட கடனை அவர் உலகத்துக்குத் தீர்த்துவிட்டார் என்றே சொல்வேன். தோரோவுக்கு மனைவி மக்கள் கிடையாது. நம்மவர்களுக்கு இருக்கிறார்களே!

எனக்கு உறவுமுறையில் ஒரு பையன். கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல சம்பளம். நாற்பதில் ஓய்வு என்று தீர்மானித்து, சினிமா, ஹோட்டல், பிரயாணம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டான். வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த அம்மாளையும் நிறுத்தியாயிற்று. கணக்கு நோட்டை என்னிடம் காட்டி, “இன்னும் ஆறே வருஷம், மாமா” என்றான், பெருமையோடு. காபி கொண்டுவந்த அவன் மனைவி சிரித்துக்கொண்டே சொன்னாள்: “அவருக்கு ஆறு வருஷம், மாமா. எனக்கு அடுப்படியிலிருந்து எப்போது ரிடையர்மெண்ட்? அது எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.”

அவன் நோட்டை மூடிவிட்டான். நான் காபியைக் குடித்தேன்.

டொமிங்கஸின் தராசிலேயே இதை நிறுத்துப் பாருங்கள். வேலைக்காரம்மாளுக்குக் கொடுக்காமல் மிச்சமான பணம் கணவனின் ஏட்டில் வரவு. பாத்திரம் துலக்கும் நேரம் மனைவியின் ஆயுளில் செலவு. அந்த அம்மாளுக்கு நின்றுபோன சம்பளம் எந்த ஏட்டிலும் இல்லை. தன் ஆசையைக் குறைத்துக்கொள்பவனைச் சிக்கனக்காரன் என்று வணங்கலாம். அடுத்தவருடைய ஆசையைக் குறைப்பவனுக்கு அந்தப் பெயர் பொருந்தாது. அது அதிகாரம்.

டொமிங்கஸ் 1997 இல் மறைந்தார். வேலையை விட்ட பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. எளிமையாக வாழ்ந்து, கடனில் மூழ்கியவர்களுக்கு வழி சொன்னார். நூலின் வருவாயைப் பொதுக் காரியங்களுக்குக் கொடுத்தார். சம்பளத்திலிருந்துதான் அவர் ஓய்வு பெற்றார்; உழைப்பிலிருந்து அல்ல.

ஆகவே, நாற்பதில் ஓய்வு பெற நினைக்கும் இளைஞர்களை நான் தடுக்கமாட்டேன். ‘போதும்’ என்று சொல்லத் தெரிந்தவன் பாக்கியவான். ஆனால் அந்தச் சொல்லை அவன் ஒருவனே வீட்டிலுள்ள அத்தனை பேருக்குமாகச் சேர்த்துச் சொல்லிவிடக் கூடாது. இருபத்தைந்தால் பெருக்குவதற்கு முன் மனைவியையும் குழந்தைகளையும் பக்கத்தில் உட்காரவைத்து, அவர்களுக்கு எது போதும் என்று கேட்கட்டும். விடை வேறாக வந்தால், இன்னும் சில வருஷம் ஆபீசுக்குப் போய்வருவதில் ஒன்றும் இழிவில்லை.