மரபணு மேல் பழி போடலாமா?

போன வருடம் தேர்வு நேரம். காலையில் வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு லிஃப்ட் வரைக்கும் போய், திரும்பி வந்து இழுத்துப் பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது. மறுபடியும் லிஃப்ட், மறுபடியும் கதவு. ஐந்தாவது தடவை திரும்பி வந்தபோது பஸ்ஸை விட்டுவிட்டேன். அப்போதுதான் உறைத்தது: இப்படி ஒரே செயலில் மாட்டிக்கொண்டு நிற்பவரை நான் சின்ன வயதிலிருந்தே பார்த்து வருகிறேன். என் அம்மா.

அம்மா விளக்கேற்றும் முன் பத்து தடவையாவது கை கழுவுவார். "ரொம்ப ஆசாரம் பார்க்கிறவங்க" என்று சொந்தக்காரர்கள் பாராட்டுவார்கள். விரல் இடுக்கில் தோல் வெடித்திருந்ததை யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

மருத்துவர் எனக்கு ஓ.சி.டி., அதாவது எண்ணச் சுழற்சி நோய் என்றார். "குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கா?" என்றும் கேட்டார். அன்று இரவு அம்மாவிடம் கோபமாகச் சொன்னேன்: "உங்களாலதான் எனக்கு இது வந்துச்சு." அம்மா மெதுவாகக் கேட்டார்: "நான் வேணும்னாப்பா கொடுத்தேன்?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் படிக்க ஆரம்பித்தேன்.

இந்த நோய் யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை என்ற வேறுபாட்டில் ஏறக்குறைய பாதிக்கு மரபணு காரணம் என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் ஒரே கருமுட்டையில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் வந்தே தீரும் என்று இல்லை. 2025இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, நோயுள்ள 53,000க்கும் மேற்பட்டவர்களின் மரபணுக்களை அலசி, 30 இடங்களை அடையாளம் கண்டது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. 'ஓ.சி.டி. மரபணு' என்று தனியாக ஒன்று கிடையாது. அம்மா என் கையில் எதையும் திணிக்கவில்லை.

அப்படியானால் எல்லாம் தலையெழுத்தா? மரபணுவைப் புதுத் தலையெழுத்தாக்கிவிட்டு உட்கார்ந்துவிடுவது சுலபம். நம் பெரியவர்கள் அப்படி விடவில்லை. பிராரப்தம் வில்லை விட்டுப் போன அம்பு என்றார்கள். இப்போது செய்வது ஆகாமியம், அது நம் கையில். அம்மாவின் நோய் முன்வினைக்குத் தண்டனை என்று நான் சொல்லவே மாட்டேன். வந்தது வேறு, செய்வது வேறு என்ற அந்தப் பிரிவினையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

'பூட்டலையோ' என்ற எண்ணம் நான் கூப்பிட்டு வரவில்லை. சாமி முன்னால் நிற்கும்போது அசிங்கமான எண்ணம் வந்து துடித்துப்போகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் அவர்கள் விரும்பியது இல்லை, பாவமும் இல்லை. ஆனால் திரும்பிப் போய்ப் பார்க்கப் பார்க்க அந்தப் பயம் வளருகிறது. பார்க்காமல், பயத்தோடேயே லிஃப்ட்டில் ஏறப் பழகுவதுதான் சிகிச்சை. தேவைப்பட்டால் மருந்தும் உண்டு.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. "கை சுத்தமா இருக்காங்க?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம் அப்பா, "சுத்தமாத்தான் இருக்கு" என்பார். அன்புதான். ஆனால் அந்தப் பதில் கிடைத்த நிம்மதி ஐந்து நிமிடம்தான் தாங்கும். இப்போது அப்பா மருத்துவர் சொன்னபடி, "பயமா இருக்கா? நான் பக்கத்துல இருக்கேன்" என்று மட்டும் சொல்லப் பழகுகிறார். இரண்டு பேருக்கும் கஷ்டம்தான்.

சிங்கப்பூரில் 2016இல் தொடங்கிய மனநல ஆய்வின்படி, வாழ்நாளில் 28 பேரில் ஒருவருக்கு ஓ.சி.டி. வருகிறது. நம் இளைஞர் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களை எண்ணிப் பாருங்கள். அவர்களில் யாராவது வாய் திறந்தால், "அதிகமா யோசிக்காதே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அடுத்த மாதம் அவருக்கு முதல் அப்பாயிண்ட்மென்ட். கூடப் போகிறேன். கதவை ஒரே தடவை பூட்டிவிட்டு.