வாதாட மறுக்கும் தீர்மானமும் அறமும்

கொடிய குற்றம் சாட்டப்பட்ட ஒருவருக்காகத் தன் உறுப்பினர் எவரும் வாதாடக் கூடாது என்று ஒரு வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் நிறைவேற்றுவது அறத்துக்கு உட்பட்டதா என்னும் வினா, சட்டத்தைக் காட்டிலும் ஆழமான இடத்தைத் தொடுவது. குற்றத்தின் மீது மக்கள் கொள்ளும் சினம் நியாயமானதே. ஆனால் அச்சினத்தைத் தீர்ப்பாக்கும் உரிமை தொழில் அமைப்பு ஒன்றுக்கு உண்டா என்பதே ஆராயத்தக்கது.

1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தால் அமைந்த பார் கவுன்சில், வழக்கறிஞர்களைப் பதிவு செய்யவும் தவறிழைத்தவரைப் பதிவேட்டிலிருந்து நீக்கவும் அதிகாரம் பெற்றது. நீதிமன்றந்தோறும் இயங்கும் சங்கமோ உறுப்பினர்கள் தம் நலனுக்காகத் தாமே அமைத்துக்கொண்டது. குற்றம் சாட்டப்பட்டவரைப் பற்றித் தன் சொந்தக் கருத்து எதுவாயினும் அவருக்காக வழக்கறிஞர் வாதாட வேண்டும் என்பது இந்திய பார் கவுன்சில் விதி. அயர்லாந்தில், சொலிசிட்டர்கள் எனப்படும் வழக்கறிஞர்களின் சங்கக் குழு தன் உறுப்பினரையே தொழிலிலிருந்து நீக்கலாம் என்ற 1954ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவை, அது நீதிமன்றத்துக்கே உரிய பணி என்று கூறி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. தம்மவர் மீது தீர்ப்பளிப்பதே அவ்வளவு ஐயத்துக்குரியதென்றால், விசாரணைக்கு முன்பே பிறரைக் குற்றவாளியாகக் கருதி வாசலை அடைப்பது எவ்வளவு பெரிய அத்துமீறல்!

குற்றம் சாட்டப்பட்ட காவலர்களுக்காக வாதாடுவதில்லை என்று கோயம்புத்தூர் வழக்கறிஞர்கள் நிறைவேற்றிய தீர்மானத்தையொட்டி, முகமது ரஃபி வழக்கில் 2010 டிசம்பர் 6 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் இத்தகைய தீர்மானங்கள் அனைத்தும் செல்லாதவை என்று அறிவித்தது. வாதாட மறுப்பவர் கீதையின் செய்தியைப் பின்பற்றாதவர் என்றும் கூறியது. முடிவு சரியானது, காட்டிய காரணம் போதாது. கீதையின் சுதர்மம், அதாவது ஒருவருக்கென வகுக்கப்பட்ட கடமை, பிறப்பால் வந்த க்ஷத்திரியனுக்குச் சொல்லப்பட்டது. வழக்கறிஞரின் கடமையோ அவரே விரும்பி ஏற்றுக்கொண்டது. அதன் வேர் வாதாடுபவரின் குலத்திலோ பெருமையிலோ இல்லை, அரசின் முன் தனித்து நிற்பவரின் கதியற்ற நிலையில் இருக்கிறது. பொற்கொல்லன் சொல்லை நம்பிக் கோவலனைக் கொன்ற மதுரையில், கண்ணகியின் வாதம் அவன் இறந்த பிறகே அவையேறியது.

தருமபுரி மாவட்டம் இவ்வினாவை மிகக் கடுமையான வடிவில் சந்தித்திருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று, கடத்தப்பட்ட சந்தன மரங்களைத் தேடுவதாகக் கூறி, அரூர் வட்டத்து வாச்சாத்திக்குள் வனத்துறையினரும் காவலர்களும் வருவாய்த் துறையினரும் நுழைந்து, பழங்குடி மக்களை ஆலமரத்தடியில் திரட்டி அடித்தனர். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கினர். அப்பெண்களும் முதலில் கடத்தல் குற்றச்சாட்டில் சிறைக்குச் சென்றவர்களே. சந்தனக் கடத்தல்காரர்களுக்கு வக்கீல் கூடாது என்று அன்று ஒரு சங்கம் முடிவெடுத்திருந்தால், அந்த முடிவு முதலில் வீழ்த்தியிருப்பது அவர்களைத்தான்.

பின்னர் குற்றவாளிக் கூண்டில் நின்ற அரசு ஊழியர் 269 பேர். அவர்களுக்கும் வழக்கறிஞர்கள் வாதாடினர். 54 பேர் வழக்கு முடியுமுன் இறந்தனர். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி முதன்மை அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. குற்றம் சாட்டப்பட்டோர் தரப்பின் ஒவ்வொரு மறுப்பும் கேட்கப்பட்டுத் தோற்றதால்தான் அத்தீர்ப்பைப் பழிவாங்கல் என்று எவராலும் ஒதுக்க முடியவில்லை.

இத்தகைய முழுமையான விசாரணைக்கான விலையைக் கொடுத்தவர்கள் அப்பெண்களே என்பதை மறைப்பது நேர்மையாகாது; தாம் பட்ட துயரை அவர்கள் ஆண்டுகள் கடந்து குறுக்கு விசாரணையில் மீண்டும் சொல்ல நேர்ந்தது. வாதாடும் கடமை சாட்சியை இழிவுபடுத்தும் உரிமையைத் தருவதில்லை. பாலியல் வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணின் நடத்தையைப் பற்றிக் கேள்வி எழுப்பலாகாது என்று சாட்சியச் சட்டம் பின்னர் திருத்தப்பட்டது. யாருக்காக வாதாடலாம் என்று தீர்மானம் போடுவதில் சங்கங்கள் செலவிட்ட ஊக்கத்தை, எப்படி வாதாட வேண்டும் என்று தம் உறுப்பினருக்குக் கற்பிப்பதில் செலவிட்டால், அரூர் வட்டத்திலிருந்து சாட்சி சொல்ல வரும் பெண் கூண்டில் ஏற அஞ்ச வேண்டியிராது.