கெட்டிக்காரன் என்னும் பட்டம்

பிள்ளையைக் "கெட்டிக்காரன்" என்று புகழ்தல் நன்மையா, தீங்கா? நம்மவர் இதனை ஒரு வினாவாகவே கொள்வதில்லை. அமெரிக்காவில் மியூல்லர், டுவெக் என்னும் அம்மையார் இருவர் 1998இல் வெளியிட்ட ஆராய்ச்சியைக் கேளுங்கள். ஐந்தாம் வகுப்புச் சிறுவர்க்கு வடிவப் புதிர்கள் கொடுத்து, சிலரை அறிவிற்காகவும் சிலரை முயற்சிக்காகவும் புகழ்ந்தனர். பின்னவர் புதிதாய்க் கற்பிக்கும் கடும் புதிரையே வேண்டினர். அறிவாளிப் பட்டம் பெற்றோரோ, ஒருமுறை தோற்றதும் சோர்ந்தனர்; தாம் பெற்ற மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவரும் அவருள்ளேதான் மிகுதி. பொய்யைக் கற்பித்தது புகழ்ச்சியன்றோ! "மந்தன்" என்பது தலையெழுத்தானால், "கெட்டிக்காரன்" என்பதும் அஃதே.

பழைய செய்தித்தாள் இரண்டைக் கொடுத்து, புத்தகமொன்றைத் தாங்கும் பாலம் செய்யச் சொல்லுங்கள். சரியும், மீண்டும் சரியும். நாமே கைவைத்து நிமிர்த்துதல் உதவியன்று. வீண் முயற்சியைப் "பேஷ்" என்பதும் மற்றொரு பொய்யே. எங்கே வளைந்தது என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.