யாருக்கு உரியது இந்த ஊற்று?

எல்லார்க்கும் பொதுவான ஒன்றில் ஒருவனுக்குள்ள உரிமை எவ்வளவு? மேலோட்டமாகப் பார்க்கையில் எளிய வினாதான். பொதுக் கிணற்றில் நீரிறைக்க நாம் எவரிடமும் அனுமதி கேட்பதில்லை. ஆயினும், ஆழ்ந்து நோக்குமிடத்து வினா கடினமாகிறது.

அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவை எடுத்துக்கொள்வோம். மக்களின் நன்மைக்கும் மகிழ்ச்சிக்கும் என்றே 1872ஆம் ஆண்டில் சட்டமியற்றி ஒதுக்கப்பட்ட நிலம் அது. பூமியின் உள்வெப்பத்தால் பொங்கியெழும் வெந்நீர் ஊற்றுகள் அங்கே ஏராளம். ஆனால் அவற்றில் இறங்கிக் குளிப்பதை விதி தடுக்கிறது. கார்டனர் ஆற்றில் வெந்நீரோடை வந்து கலந்து, நீர் பதமாகும் ஓரிடத்தில் நெடுங்காலம் மக்கள் நீராடி வந்தனர். 2022 ஜூன் மாத வெள்ளத்திற்குப் பின் அதுவும் மூடப்பட்டது.

மக்களுக்கென ஒதுக்கிய நீரில் மக்கள் குளிக்கலாகாது என்பது முரண் அன்றோ?

உயிர்க்காப்பு முதற் காரணம். ஊற்றைச் சூழ்ந்த தரை பல இடங்களில் மெல்லிய ஓடு; அதன் கீழே கொதிநீர். 2016இல் நீராட இடம் தேடி, நடைபாதையை விட்டு விலகிய இளைஞர் ஒருவர் ஊற்றில் விழுந்து மாண்டார். உடலும் மீட்கப்படவில்லை. 'என் உயிர், என் விருப்பம்' என்பார்க்கு இக்காரணம் போதாமற் போகலாம். எனினும், அவரைத் தேடி அதே தரையில் இறங்குவோரின் உயிர் அவருடையதன்று.

இரண்டாவது காரணம் இன்னும் வலியது. ஆழ்ந்த நீலத்தால் மலரின் பெயர் பெற்ற 'மார்னிங் குளோரி' என்னும் ஊற்றில், காண வந்தோர் ஆண்டுக்கணக்கில் காசுகளையும் கற்களையும் எறிந்தனர். நீர்வரும் துளைகள் அடைபட்டன, வெப்பம் தணிந்தது, ஓரத்து நுண்ணுயிர்கள் உள்ளே பரவ, நீலம் மங்கியது. பலர் எறிந்தது ஒரேயொரு காசாகவே இருக்கும். அதைக் குற்றமென்று அவருள் எவர் எண்ணியிருப்பார்? தனித்தனியே அற்பமானவை ஒன்றுசேர்ந்தால் அழிவாகின்றன.

இன்னொன்றையும் எண்ணுவோம். 1966இல் தாமஸ் பிராக் என்னும் அறிஞர் அங்குள்ள ஊற்றொன்றில் நுண்ணுயிர் ஒன்றைக் கண்டெடுத்தார். வெப்பத்தைத் தாங்கும் அதன் நொதியே பின்னாளில் மரபணுவைப் படியெடுக்கும் முறைக்கு உதவிற்று. கொரோனாக் காலத்தில் உலகெங்கும் நடந்த பரிசோதனை அம்முறையின் வழி வந்ததே. வெறும் சுடுநீர் என்று தோன்றியதில், அன்று பிறவாத கோடிப்பேருக்கும் பங்கு இருந்திருக்கிறது!

ஆகவே பொதுச்சொத்து நம் உடைமையன்று. நம்மிடம் விடப்பட்ட அமானிதம். ஆனால் காவலென்னும் பெயரால் எதையும் செய்துவிடலாம் என்பதன்று இதன் பொருள். அந்நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பூர்வகுடிகள், பூங்கா அமைந்தபின் வெளியேற்றப்பட்டனர். அமானிதத்தைக் காக்கிறோம் என்றவர்கள், அதில் முதற் பங்குடையோரை மறந்தார்கள்.

விலக்கு நியாயமாவது எப்போது? அது வருவோனை மட்டுமன்றிக் காவலனையும் கட்டும்போதுதான். நம் ஊர்க் குளத்திற்கும் ஆற்றுக்கும் இவ்வளவுகோல் பொருந்தாதா? சிந்திப்போமாக.