சுங்கச்சாவடியும் மனச்சான்றும்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் செல்வோர் ஒரு மணி நேரப் பயணத்திற்குள் ஒரே எல்லையை மும்முறை கடக்கின்றனர். வளவனூரைத் தாண்டியதும் மதகடிப்பட்டில் புதுச்சேரி மாநிலம் தொடங்குகிறது. திருபுவனைக்கு அப்பால் கண்டமங்கலத்தில் மீண்டும் தமிழ்நாடு வந்துவிடுகிறது. அரியூரில் மறுபடியும் புதுச்சேரி. வயலும் வாய்க்காலும் ஒன்றே. பேசும் மொழியும் கொண்டு கொடுத்த உறவும் ஒன்றே. ஆயினும் திரும்பி வரும் வழியில் சோதனைச்சாவடியில் வண்டி நிற்கும்போது, காவலர் ஒருவர் ஏறி, இருக்கைக்கு அடியிலும் பைகளுக்குள்ளும் பார்வையைச் செலுத்துகிறார். திண்டிவனம் செல்லும் சாலையில் கிளியனூரிலும் இதே காட்சியைக் காணலாம். இது நமக்குப் பழகிப்போன காட்சி. பழகிப்போனதாலேயே நாம் அதைப் பற்றிச் சிந்திப்பதில்லை.

சிந்திக்க வேண்டிய கேள்விகள் இரண்டு உள்ளன. வழிப்போக்கனின் பையைத் திறந்து பார்க்க அரசுக்கு உரிமை எங்கிருந்து வருகிறது? அந்தச் சோதனையை ஏமாற்றிச் செல்பவன் சட்டத்தை மட்டும் மீறுகிறானா, மனச்சான்றையும் மீறுகிறானா?

சுங்கம் நமக்கு அந்நியர் கொண்டுவந்த ஏற்பாடு அன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பண்டங்களுக்குச் சோழரின் புலிச்சின்னத்தைப் பொறித்து உல்கு பெற்ற காவலரைப் பட்டினப்பாலை காட்டுகிறது. இன்று துறைமுகத்தில் சரக்குப் பெட்டகத்தின் கதவில் இடப்படும் முத்திரைக்கு அதுவே முன்னோடி. வள்ளுவரும் உல்குபொருளை வேந்தனுக்குரிய பொருள்களுள் ஒன்றாக எண்ணுகிறார். அதே நேரத்தில், முதலாம் குலோத்துங்கனைச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று மக்கள் நினைவில் வைத்துப் போற்றியதையும் மறத்தல் ஆகாது. சுங்கம் முறையானது என்று ஏற்றுக்கொண்ட அதே சமுதாயம், அது சுமையாகவும் மாறக்கூடும் என்பதை அறிந்திருந்தது.

நம் வட்டாரத்து எல்லைக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 1908ஆம் ஆண்டு பாரதியார் புதுச்சேரிக்குச் சென்றது, இந்த எல்லை தம்மைக் காக்கும் என்ற நம்பிக்கையில்தான். அவர் அங்கிருந்து வெளியிட்ட 'இந்தியா' இதழை ஆங்கில அரசு தன் ஆட்சிப்பகுதிக்குள் வரவொட்டாமல் தடுத்தது. ஒற்றர்கள் அவர் வீட்டைச் சுற்றி வந்தனர். பத்து ஆண்டுகளுக்குப் பின், 1918 நவம்பரில், எல்லையைக் கடந்ததும் அவர் கைதாகிக் கடலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். பின்னாளில், 1941இல், பிரெஞ்சு இந்தியாவும் ஆங்கில இந்தியாவும் சுங்க ஒன்றியம் ஒன்றை அமைத்துக்கொண்டன. 1949இல் அது முடிவுக்கு வந்தது. உடனே புதுச்சேரியைச் சுற்றிச் சுங்கக் காவல் வளையம் எழுந்தது. பின்னர் அனுமதிச்சீட்டு முறையும் வந்து சேர்ந்தது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, அவர்களுள் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். நவம்பர் முதல் நாளில் ஆட்சி கைமாறியது.

இவ்வரலாறு நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகிறது. எல்லைக் காவல் தன்னளவில் நன்மையும் அன்று, தீமையும் அன்று. கள்ளக்கடத்தல்காரனைப் பிடிக்கும் வலை கவிஞனையும் பிடித்தது. இரு அரசுகள் கைகோத்துக்கொண்டால் அதுவே பெரும் நன்மை என்று நாம் எண்ணிவிடலாகாது. யாருக்காக, எதற்காகக் கைகோக்கின்றன என்றே கேட்க வேண்டும்.

இனி இரண்டாம் கேள்விக்கு வருவோம். பங்குப் பணியில் நாம் கேட்ட கேள்வி ஒன்று இன்னும் நம் நெஞ்சில் தங்கியிருக்கிறது. எல்லையோரச் சிற்றூர் ஒன்றில், மதுப்புட்டிகளைச் சுமந்து வந்து பிடிபட்டுச் சிறை சென்ற ஒருவரின் மனைவி நம்மிடம் வந்தார். பிணைக்குப் பணம் கேட்பார் என்று எண்ணினோம். அவர் கேட்டதோ வேறு. "விக்கிறதும் சர்க்காரு, குடிக்கிறதும் ஊரு, சொமந்தது மட்டும் பாவமா, சாமி?"

இக்கேள்விக்கு நம் ஊர்ப்புறத்தில் ஒரு விடை ஆயத்தமாகவே இருக்கிறது. "பாவமெல்லாம் இல்லை, மாட்டினால் தண்டம் கட்டவேண்டும், அவ்வளவுதான்" என்பார்கள். வேடிக்கை என்னவெனில், குருமடத்தில் நாம் பயின்ற பழைய அறநெறி நூல்களிலும் ஏறத்தாழ இதே விடை இருந்தது. சில சட்டங்கள் 'வெறும் தண்டனைச் சட்டங்கள்'. அவற்றை மீறுவோர் பிடிபட்டால் தண்டனையை ஏற்கக் கடமைப்பட்டவர்களே அன்றி, மனச்சான்றில் குற்றவாளிகள் அல்லர் என்று ஸ்பெயின் நாட்டு இறையியலாளர் பலர் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் வாதிட்டனர். சுவாரஸ் அவர்களுள் பெயர் பெற்றவர். சுங்கச் சட்டங்களே இதற்கு வழக்கமாகக் காட்டப்பட்ட எடுத்துக்காட்டு. மன்னர்கள் தம் போர்களுக்காகவும் ஆடம்பரத்துக்காகவும் வரிக்குமேல் வரி விதித்த காலத்தில், ஏழையின் மனச்சான்றை வீண் அச்சத்திலிருந்து காக்க அக்கொள்கை உதவியது. அதன் உள்ளே இரக்கம் இருந்தது.

ஆனால் வரிப்பணம் மருத்துவமனையாகவும் பள்ளிக்கூடமாகவும் மாறும் மக்களாட்சியில் அக்கொள்கை பொருந்தாது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு, நியாயமான வரிகளை ஏமாற்றுவதைச் சமூகக் கடமையை மீறும் தன்னலமாகவே கண்டிக்கிறது. 'நியாயமான' என்ற அடைமொழியில்தான் கருத்து முழுவதும் அடங்கியிருக்கிறது. சட்டம் நியாயமானதா என்பதை அளக்கப் புனித தாமஸ் அக்குவினாஸ் மூன்று அளவுகோல்களைத் தந்தார். அதன் நோக்கம் பொதுநன்மையாக இருக்க வேண்டும். அதை இயற்றியவருக்கு அதற்கான அதிகாரம் இருக்க வேண்டும். அது சுமத்தும் பாரம் குடிமக்களிடையே தகுந்த அளவில் பகிரப்பட வேண்டும். இம்மூன்றையும் கொண்டு நம் சோதனைச்சாவடியை அளந்து பார்ப்போம்.

அதிகாரத்தைப் பற்றி ஐயமில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த அரசுகள் இயற்றிய சட்டங்களே இவை.

நோக்கத்தைப் பொறுத்தவரை, நம் மாவட்டமே சாட்சி சொல்கிறது. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் விஷச்சாராயம் பத்துக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. மறு ஆண்டு ஜூன் மாதம், 2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில், அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரண்டு இடங்களிலும் கொன்றது மெத்தனால். அது வயிற்றுக்கென்று வடிக்கப்பட்ட மதுவன்று. சாயத்துக்கும் பசைக்கும் ஆலைகள் பயன்படுத்தும் வேதிப்பொருள். சிறிதளவு உட்சென்றாலும் கண்ணொளியைப் பறித்துப் பின் உயிரையும் பறிக்கும். மாண்டவர்களுள் மிகப்பலர் அன்றாடக் கூலிகள். இத்தகைய நஞ்சு எல்லை தாண்டி, ஊர் தாண்டி வராமல் காப்பது அரசின் கடமை. ஆகவே சோதனை வேண்டாம் என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை. யாரையும் தடுத்து நிறுத்தாத சாலை, கொலைகாரனுக்கும் திறந்த சாலையே.

நாம் தடுமாறுவது மூன்றாம் அளவுகோலில்தான். சுமை யார்மேல் விழுகிறது?

2017 ஜூலை முதல் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, மாநில எல்லைகளில் லாரிகள் மணிக்கணக்காய்க் காத்துக் கிடந்த வணிகவரிச் சோதனைச்சாவடிகள் எடுக்கப்பட்டன. மறு ஆண்டு ஏப்ரல் முதல், மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் சரக்குக்கு மின்வழிச் சீட்டு போதும் என்றாயிற்று. வணிகனுக்கு இது நல்ல விடுதலை. உலக அளவிலும் இதுவே போக்கு. 2001 செப்டம்பரில் நியூயார்க்கில் நேர்ந்த தாக்குதலுக்குப் பின், உலகச் சுங்க அமைப்பு 2005இல் பாதுகாப்பு நெறிமுறை ஒன்றை வகுத்தது. சரக்கின் விவரத்தை முன்கூட்டியே தெரிவித்தல், ஐயத்துக்குரியதை மட்டும் தேர்ந்து சோதித்தல், நாணயம் மெய்ப்பித்த வணிகருக்கு விரைவான வழி அளித்தல், ஒரு நாட்டின் சோதனையை மறுநாடு மதித்தல் ஆகியன அதன் சாரம். இந்தியாவிலும் அத்தகைய வணிகருக்கு அரசு ஏற்புச் சான்று வழங்குகிறது. வானூர்திப் பயணிகளின் பதிவு விவரங்களை நிறுவனங்கள் முன்னதாகவே சுங்கத்துறைக்குத் தரவேண்டும் என்று 2022இல் விதிமுறையும் வந்துள்ளது.

இவற்றின் அடியில் உள்ள கருத்து நல்ல கருத்து: எல்லாரையும் ஐயுறாதே; அறிந்து ஐயுறு. ஆனால் அக்கருத்தின் பயன் யாரைச் சென்று சேர்ந்திருக்கிறது? பெட்டகம் நிறையச் சரக்கு அனுப்புவோரின் சொல்லை அரசு நம்புகிறது. பேருந்தில் மடியில் பையோடு அமர்ந்திருக்கும் மூதாட்டியின் சொல்லை நம்ப அதனிடம் ஏற்பாடு எதுவும் இல்லை. மதுவும் பெட்ரோலும் அந்தப் பொது வரிக்குள் வராததால், இரு மாநிலங்களின் விலை வேறுபாடு நீடிக்கிறது. வேறுபாடு உள்ளவரை அதைச் சுமந்து பிழைக்க ஏழைகளும் இருப்பார்கள். விமான நிலையங்களில் தங்கம் சுமப்போரைக் 'குருவி' என்பார்கள். நம் எல்லையிலும் குருவிகளே பிடிபடுகின்றன. தூது விட்டவர் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கிறார்.

மெத்தனாலை வைத்திருக்கவும் கொண்டு செல்லவும் உரிமம் வேண்டும் என்னும் விதிகள் தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டிலிருந்தே இருக்கின்றன. ஒரு தொட்டியிலிருந்து எத்தனை லிட்டர் வெளியேறியது, சேரவேண்டிய ஆலையில் எத்தனை லிட்டர் இறங்கியது என்ற இரு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் குறைவது தெரிந்துவிடும். ஒரு கணக்கு ஒரு மாநிலத்திலும் மறு கணக்கு மறு மாநிலத்திலும் இருக்கும்போதுதான் கூட்டுறவு தேவைப்படுகிறது. அந்தக் கணக்குப் பார்க்கும் வேலை கடினம். பையைத் திறக்கச் சொல்லும் வேலை எளிது. எளிதானதைச் செய்து கடினமானதை விட்டுவிடும் காவல், தன் நோக்கத்தாலேயே கண்டிக்கப்படுகிறது.

கூட்டுறவின் பெயரால் எளியவர் சுமை ஏற்பது புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்களைக் கடல் கடக்குமுன் தடுத்து வைத்துச் சோதிக்க, இலங்கை அரசு நம் மண்ணிலேயே மண்டபத்தில் முகாம் நடத்தியது. காலராவும் அம்மையும் பரவாமல் காக்கும் நோக்கம் நல்லதே. ஆனால் இரு அரசுகளும் ஒத்துழைத்த அந்த ஏற்பாட்டில், சோதிக்கப்பட்டவனின் குரலுக்கு இடமிருந்ததா என்ற கேள்வி நிற்கிறது. 2020இல் பெருந்தொற்றின்போது நம் எல்லைச் சாலைகள் அடைபட்ட நாள்களை எண்ணிப் பாருங்கள். விழுப்புரம், திண்டிவனம் பகுதி மக்களுக்குப் பெருநோய் என்றால் ஜிப்மர்தான் அடைக்கலம். தடுப்புக் கட்டையின் இப்பக்கம் நோயாளியும் அப்பக்கம் மருத்துவமனையும் இருப்பதன் பொருளை அன்று அறிந்துகொண்டோம். எல்லை தாண்டிய கூட்டுறவு என்பது இணைந்து தடுப்பது மட்டுமன்று. தடுக்கக்கூடாத ஒருவரை இரு பக்கமும் அறிந்து வழிவிடுவதும் அதில் அடங்கும்.

அப்படியாயின் அப்பெண்ணுக்கு நாம் என்ன விடை சொல்வது? அன்று நாம் சொன்னதையே இங்கும் எழுதுகிறோம். சட்டத்தின் சுமை ஏற்றத்தாழ்வாக விழுகிறது என்பது உண்மை. அதற்கு ஆள்வோர் பொறுப்பு. ஆனால் மூடிய புட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அறியாமல், அறிய விரும்பாமலும் சுமந்து செல்பவர், அதைக் குடிக்கப்போகும் ஒருவனின் உயிரையும் சுமந்து செல்கிறார். எக்கியார்குப்பத்துக்கும் கருணாபுரத்துக்கும் நஞ்சு தானாக நடந்து போகவில்லை. யாரோ கூலிக்குச் சுமந்தார்கள். ஆகவே அது வெறும் தண்டத்தோடு முடியும் காரியமன்று. சுமந்தவரின் குற்றம் அனுப்பியவரின் குற்றத்தைவிடச் சிறியது. ஆயினும் அது குற்றமே. இவ்விரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் நாம் ஏழைக்குப் பொய் சொன்னவர்கள் ஆவோம். அல்லது ஏழைக்கு மட்டும் அறம் சொன்னவர்கள் ஆவோம்.

சாவடியில் நிற்கும் காவலரும் நம் சகோதரரே. வெயிலிலும் புழுதியிலும் நின்று, பிடித்தாலும் விட்டாலும் பழி ஏற்பவர். யோர்தான் கரையில் திருமுழுக்கு யோவானிடம் வந்து என்ன செய்யவேண்டும் என்று கேட்ட வரிதண்டுவோரை, தொழிலை விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. குறித்ததற்குமேல் பெறாதிருக்கச் சொன்னார். பணத்துக்குச் சொன்ன அந்த அளவு ஐயத்துக்கும் பொருந்தும். காரணம் தரும் அளவுக்கே ஒருவரை ஐயுறலாம். முகத்தையும் உடையையும் சாதியையும் கண்டு அதற்குமேல் ஐயுறுவது, குறித்ததற்குமேல் தண்டுவதே ஆகும்.

அன்பு வாசகர்களே, நம்மில் பலர் அரசுப் பணியில் இருக்கிறோம். சிலர் வணிகம் செய்கிறோம். எல்லாரும் அந்தச் சாலையில் பயணம் செய்கிறோம். அதிகாரியாய் இருப்பவர் எல்லைக்கு அப்பால் உள்ள தம் நிகர் அதிகாரியிடம் கணக்கைக் கேட்டு வாங்கட்டும். வணிகராய் இருப்பவர், தம் சொல்லை அரசு நம்புவது ஒரு கடன் என்று எண்ணி, அதற்கேற்ப நடக்கட்டும். பயணிகளாகிய நாம், கேட்டால் பையைத் திறந்து காட்டுவோம். பக்கத்து இருக்கையில் இருப்பவரின் பையை மட்டும் மீண்டும் மீண்டும் திறக்கச் சொன்னால், ஏன் என்று மரியாதையோடு கேட்கவும் தயங்காதிருப்போம்.